கோட்பாடு இன்றிக் கிறிஸ்தவம் உண்டா?

1820-ஆம் ஆண்டில் ராஜா ராம்மோகன் ராய் ஏசுநாதரின் நீதிபோதனைகளைத் தொகுத்துக் கல்கத்தாவில் ஒரு நூலாக வெளியிட்டார். அமைதிக்கும் இன்பத்துக்கும் அந்தப் போதனைகளே வழிகாட்டி என்பது நூலின் தலைப்பிலேயே அடங்கிய கருத்து. நான்கு சுவிசேஷங்களிலிருந்தும் அறவுரைகளையும் உவமைகளையும் எடுத்துக்கொண்ட அவர், அற்புதங்களையும் வரலாற்றுச் செய்திகளையும் பெரும்பாலும் விட்டுவிட்டார். அவை வாதங்களையே வளர்க்கும், அறவுரைகளோ கற்றவர், கல்லாதவர் அனைவருக்கும் பொருந்தும் என்பது அவர் சொன்ன காரணம்.

கிறிஸ்தவப் பாதிரிமார்கள் இந்நூலைக் கண்டு மகிழ்ந்திருப்பார்கள் என்று நாம் எண்ணக்கூடும். நடந்ததோ வேறு. செராம்பூர் மிஷனின் 'ஃப்ரெண்ட் ஆஃப் இந்தியா' இதழில் கடுமையான விமர்சனம் வெளிவந்தது. தொகுத்தவர் அறிவுள்ளவரே ஆயினும் 'அஞ்ஞானி' என்ற பொருள்படும் சொல்லால் அதில் குறிக்கப்பட்டார். ஒரே கடவுளை நம்பி, ஏசுவின் சொற்களை வழிகாட்டியாகக் கொள்ளும் ஒருவனை எப்படி அவ்வாறு அழைக்கலாம் என்று ராம்மோகன் கேட்டார். ஜோஷுவா மார்ஷ்மன் பதில் எழுதினார். 1820, 1821, 1823 ஆகிய ஆண்டுகளில் ராம்மோகன் மூன்று 'முறையீடு'களை வெளியிட்டார். மூன்றாவதை அச்சிட பாப்டிஸ்ட் மிஷன் அச்சகம் மறுத்துவிடவே, அவர் தாமே ஓர் அச்சகம் அமைத்துக்கொண்டார்.

இந்த விவாதத்தின் வேரில் இருக்கும் கேள்வி இன்றும் தீரவில்லை. திரித்துவம், ஏசுவின் தெய்வத்தன்மை, மனிதகுலத்தின் பாவத்துக்காக அவர் பலியானது, உயிர்த்தெழுந்தது ஆகிய கோட்பாடுகளை ஏற்காத ஒருவர் கிறிஸ்தவர் ஆவாரா? அவை கிறிஸ்தவத்தின் உயிரா, உடையா?

'உடைதான்' என்று உடனே சொல்லிவிடும் மனப்பாங்கு நம்மவர் பலரிடம் உண்டு. மலைப்பிரசங்கத்தைப் படித்து நெகிழ்கிறோம்; மற்றவற்றைப் பிற்காலத்தவர் சேர்த்தவை என்று ஒதுக்குகிறோம். இது பெருந்தன்மை போலத் தோன்றும். ஆனால் நம் அண்டைவீட்டார் உயிரினும் மேலாகப் போற்றும் ஒன்றை, அவரைக் கேளாமலே, 'உமக்கு அது தேவையில்லை' என்று சொல்வது உண்மையில் பெருந்தன்மைதானா? கீதையின் அறவுரைகள் அனைத்தையும் ஏற்கிறேன், ஆத்மா என்று ஒன்று இல்லை என்று ஒருவர் கூறினால், அவரை வேதாந்தி என்று அழைக்க நாம் எவ்வளவு தயங்குவோம்! அதே தயக்கம் மார்ஷ்மனுக்கும் இருந்தது என்பதைப் புரிந்துகொண்டு மேலே செல்வோம்.

கோட்பாடுகள் அவசியமல்ல என்போர் முதலில் வரலாற்றைக் காட்டுவார்கள். சீடர்கள் முதன்முதலில் 'கிறிஸ்தவர்கள்' என்று அழைக்கப்பட்டது அந்தியோகியாவில் என்று புதிய ஏற்பாடே கூறுகிறது. அப்போது நைசியா சபையும் இல்லை, விசுவாசப் பிரமாணமும் இல்லை. மகனும் தந்தையும் ஒரே சாரம் உடையவர்கள் என்ற வாசகம் 325-இல்தான் நைசியாவில் வகுக்கப்பட்டது. பரிசுத்த ஆவியைப் பற்றிய பகுதி 381-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் விரிவுபெற்றது. ஏசுவின் தெய்விக இயல்பும் மனித இயல்பும் எவ்வாறு இணைந்துள்ளன என்ற வரையறை 451-இல் சால்சிடனில் வந்தது. அதற்கு முன்பு விலங்குகளுக்கு இரையாகியும் தீயில் வெந்தும் உயிர்நீத்தவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லையா?

கேள்வி வலுவானதுதான். ஆயினும் அதற்கு ஒரு பதில் உண்டு. அது கிறிஸ்தவர் அல்லாத ஒருவரிடமிருந்தே கிடைக்கிறது. கி.பி. 112-ஐ ஒட்டி பிளினி என்ற ரோமானிய ஆளுநர் தம் பேரரசருக்கு எழுதிய கடிதத்தில், இம்மக்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துத் துதிபாடுகிறார்கள் என்று தெரிவிக்கிறார். நைசியாவுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது. வழிபாடு முதலில் வந்தது. வாசகம் பின்னர் வந்தது. 'ஏசு கர்த்தர்' என்று சொன்ன வாய்க்கு அதன் இலக்கணம் தெரியாமல் இருந்திருக்கலாம். பொருள் இல்லாமல் இல்லை. ஆகவே கோட்பாடுகள் பேரரசர் கான்ஸ்டன்டைனின் காலத்தில் வெளியிலிருந்து ஒட்டவைக்கப்பட்டவை என்ற எளிய கதை நிற்காது.

ஆனால் கோட்பாட்டின் பொருள் வேறு, அதன் வாசகம் வேறு. சால்சிடன் வரையறையை எகிப்து, சிரியா, ஆர்மீனியா ஆகிய நாடுகளின் தொன்மையான திருச்சபைகள் ஏற்கவில்லை. நம் கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையும் அந்த மரபைச் சேர்ந்ததே. சுமார் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் ஒருவரையொருவர் மதபேதகர் என்றனர். பின்னர் 1973-இல் போப் ஆறாம் பவுலும் காப்டிக் திருச்சபைத் தலைவர் மூன்றாம் ஷெனூடாவும் ஒரு பொது அறிக்கையில் கையொப்பமிட்டு, கிறிஸ்துவைப் பற்றிய தங்கள் விசுவாசத்தை ஒன்றாக அறிக்கையிட்டார்கள். எந்த வாசகத்துக்காகப் பிரிந்தார்களோ அந்த வாசகம் இன்றியமையாதது அல்ல என்று அவர்களே காட்டிவிட்டார்கள். அதன் பொருளை அவர்கள் கைவிடவில்லை என்பதையும் உடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சொல்லால் ஒரு மனிதரின் வாழ்க்கையே மாறிய கதை ஒன்று ராம்மோகனின் வட்டாரத்திலேயே நிகழ்ந்தது. மொழிபெயர்ப்பில் உழல்பவர்களுக்கு அது தனிச்சுவை தருவது. வில்லியம் ஆடம் என்ற ஸ்காட்லாந்து பாப்டிஸ்ட் பாதிரியார், யேட்ஸ் என்ற மற்றொரு பாதிரியார், ராம்மோகன் ஆகிய மூவரும் சுவிசேஷங்களை வங்கமொழியில் பெயர்க்க அமர்ந்தார்கள். யோவான் சுவிசேஷத்தின் தொடக்கத்தில், உலகு வார்த்தையானவரைக் கொண்டு உண்டானதைக் கூறும் இடத்தில் 'தியா' என்ற கிரேக்க இடைச்சொல் வருகிறது. அதை 'அவரால்' என்று பெயர்ப்பதா, 'அவர் மூலமாக' என்று பெயர்ப்பதா? 'அவரால்' என்றால் அவரே கர்த்தா. 'மூலமாக' என்றால் கர்த்தா வேறு, அவர் கருவி. பின்னது மகனைத் தந்தைக்குக் கீழ்ப்படுத்தும் என்று அஞ்சிய யேட்ஸ் பணியிலிருந்து விலகினார். ஆடமோ சிந்திக்கச் சிந்திக்கத் திரித்துவத்தையே கைவிட்டார். 1821-இல் கல்கத்தாவில் யூனிட்டேரியன் குழு தோன்றியபோது அதில் அவர் முன்நின்றார். 'இரண்டாம் முறை வீழ்ந்த ஆதாம்' என்று பழைய தோழர்கள் எள்ளினார்கள். (வங்காளத்தின் நாட்டுப்புறப் பள்ளிகளைப் பற்றி 1835 முதல் 1838 வரை புகழ்பெற்ற அறிக்கைகளை எழுதியவரும் இவரே.)

வேடிக்கை என்னவென்றால், நைசியா பிரமாணத்தின் கிரேக்க மூலத்திலேயே அந்த இடத்தில் அதே 'தியா'தான் உள்ளது. தமிழ் வேதாகமத்திலும் 'மூலமாய்' என்ற சொல்லையே தலைமுறை தலைமுறையாகப் படித்துவருகிறார்கள். அதனால் தமிழ்க் கிறிஸ்தவர்கள் திரித்துவத்தை விட்டுவிடவில்லை. ஓர் இடைச்சொல் கோட்பாட்டைத் தாங்குவதும் இல்லை, தகர்ப்பதும் இல்லை. ஏற்கெனவே நெஞ்சில் இருப்பதை அது வெளிப்படுத்துகிறது, அவ்வளவே.

ஆடம் தம்மைக் கிறிஸ்தவர் என்றே தொடர்ந்து கருதினார். அவருக்கு முன்பே, 1795-இல், சென்னையில் வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர் யூனிட்டேரியன் கிறிஸ்தவ சபை ஒன்றை நிறுவியிருந்தார். திரித்துவத்தை மறுப்பது அப்போது இங்கிலாந்தில் சட்டப்படி குற்றம்; 1813-இல்தான் அந்தத் தடை நீங்கியது. தாங்கள் கிறிஸ்தவர்களே என்று இவர்கள் சொன்னதில் ஆதாயம் ஒன்றும் இல்லை, ஏச்சுதான் கிடைத்தது.

மறுபுறம், திருச்சபைகளும் தங்கள் எல்லையைத் தெளிவாகவே வரைந்துள்ளன. உலகத் திருச்சபைகள் மன்றம் 1948-இல் தோன்றியபோது, ஏசுவைக் கடவுளாகவும் மீட்பராகவும் ஏற்பதே உறுப்பாண்மைக்கு அடிப்படையாக இருந்தது. 1961-இல் நம் புதுதில்லியில் கூடிய பேரவையில் தந்தை, மகன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவ வாசகமும் சேர்க்கப்பட்டது. எல்லை விரியவில்லை, இன்னும் துல்லியமாயிற்று. ஞானஸ்நானமே செய்யாத குவேக்கர்களைக் கிறிஸ்தவர்கள் என்று ஏற்கப் பலர் தயங்குவதில்லை. தந்தை, மகன், ஆவியின் பெயரைச் சொல்லியே ஞானஸ்நானம் செய்யும் மார்மன்களுடைய சடங்கு செல்லாது என்று வாடிகன் 2001-இல் அறிவித்தது. சொற்கள் ஒன்றாக இருந்தும், அவற்றின் பொருள் வேறு என்பதே காரணம்.

இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒரு திருச்சபையின் அங்கத்தினர் யார் என்பது ஒன்று. அதைத் தீர்மானிக்கும் உரிமை அச்சபையுடையது. அங்கே கோட்பாடு அவசியமே. ஏசுவின் சீடர் யார் என்பது மற்றொன்று. இதற்குச் சுவிசேஷம் தரும் அளவுகோல் வேறு. 'கர்த்தாவே' என்று அழைப்பவர் எல்லாரும் அல்ல, தந்தையின் விருப்பப்படி நடப்பவரே என்கிறது மத்தேயு. இறுதித் தீர்ப்பைப் பற்றிய பகுதியில் பசித்தவனுக்கு உணவு தந்தாயா, சிறையில் கிடந்தவனைப் பார்க்கச் சென்றாயா என்பதே கேட்கப்படுகிறது. சாரம் ஒன்றா, இரண்டா என்பது கேட்கப்படவில்லை.

இதைச் சொல்லி ராம்மோகன் பக்கமே சாய்ந்துவிடலாம். ஆனால் நேர்மை இன்னும் ஓரடி வைக்கச் சொல்கிறது. அதே தீர்ப்புப் பகுதியில் அரியணையில் அமர்ந்து கேட்பவர் யார்? எளியவருக்குச் செய்தது எனக்கே செய்தது என்பவர் யார்? மலைப்பிரசங்கத்திலும், முன்னோர்க்குச் சொல்லப்பட்டது இது, நானோ உங்களுக்குச் சொல்கிறேன் என்ற தொனி மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. ராம்மோகன் பிரித்தெடுத்த அறவுரைகளுக்குள்ளேயே சொன்னவரின் அதிகாரம் ஊடுருவியிருக்கிறது. அவர் யார் என்ற கேள்வியை வெட்டி எறிந்துவிட்டு அவர் சொன்னதை மட்டும் வைத்துக்கொள்வது, நினைப்பது போல எளிதன்று. மார்ஷ்மனின் வாதத்தில் நான் மதிக்கும் பகுதி இதுவே. 'அஞ்ஞானி' என்ற வசை அல்ல.

எனவே அக்கேள்வியைத் தவிர்க்க முடியாது. ஆனால் 325-இல் தரப்பட்ட விடை ஒன்றே சீடனுக்குரிய விடை என்று சொல்லவும் என்னால் இயலவில்லை. கேள்வியால் உண்மையாகவே தைக்கப்பட்டு, வேறு விடை கண்ட ஆடமை நான் கிறிஸ்தவர் என்றே அழைப்பேன். கேள்வியே எழாத ஒருவர், பிரமாணத்தை ஞாயிறுதோறும் ஒப்பித்தாலும் அப்பெயருக்கு எவ்வளவு உரியவர் என்பதை அவருடைய சபையார்தான் ஆராய வேண்டும்.

ராம்மோகன் எந்தப் பெயரையும் கோரவில்லை. 1833 செப்டம்பர் 27 அன்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், யூனிட்டேரியன் நண்பர்கள் சூழ அவர் உயிர்நீத்தபோது, அவருடைய மார்பில் பூணூல் கிடந்தது.