முன்னோர் கடனும் மலையகக் குடும்பச் சந்திப்பும்

கண்டிச் சீமைத் தோட்டங்களில் வேர்விட்ட தமிழ்க் குடும்பம் ஒன்று, பிரிந்துபோன கிளைகளையெல்லாம் ஓரிடத்தில் கூட்ட நினைத்தால், நாளையும் மண்டபத்தையும் முடிவு செய்வதற்கு முன்பே ஒரு கேள்வி வந்து நிற்கும்: யாருடைய வழிவந்தவர்களாகக் கூடுவது? கடல் கடந்து வந்தவரின் சொந்த ஊரை வைத்தா, குலதெய்வத்தை வைத்தா, ஒரே தோட்டத்தில் உழைத்து மாண்டவர்களை வைத்தா? மூன்றுக்கும் வரும் கூட்டம் ஒன்றாக இராது.

1820களில் கம்பளைப் பகுதியில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. பின்னர் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து கங்காணிமார் ஆள் சேர்த்து வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தார்கள். பசியிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பதிவும் இல்லை. மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டு நிறைவை ஒட்டி 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் நினைவுகூர்ந்தது இவர்களைத்தான்.

முதல் பிரிவு கடல் கடந்ததால் நேர்ந்தது; இரண்டாவது பிரிவு சட்டத்தால் நேர்ந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாக ஏற்றன. அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக்கொடுக்க, தம்பி தோட்டத்து வரிசை வீடான லயத்திலேயே தங்கிய குடும்பங்கள் ஏராளம். போனவர்களில் பலர் கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் மறுபடி தேயிலையிலேயே வேலைக்கு அமர்ந்தார்கள். 1984இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பலும் நின்றுபோக, முகவரிகள் ஒவ்வொன்றாகத் தொலைந்தன.

யாருடைய வழிவந்தவர்களாகக் கூடுவது என்ற கேள்விக்கு முன்னோர் வழிபாட்டு மரபு எதிர்பாராத விடை வைத்திருக்கிறது. இல்வாழ்வான் பேண வேண்டியவர்களைச் சொல்லும் வள்ளுவர் தெய்வத்துக்கும் முன்பாகத் தென்புலத்தாரை, அதாவது மறைந்த முன்னோரை, வைக்கிறார். ஆனால் அந்தக் கடன் ஆதி மூதாதை வரை நீளவேண்டும் என்று சடங்கு கேட்பதில்லை. தர்ப்பணத்தில் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என மூன்று தலைமுறையே பெயர் சொல்லி அழைக்கப்படுகிறது. தாய்வழியினருக்கும் அதில் இடமுண்டு. அதற்கு மேலுள்ளோர் பொதுவான பிதிர்களோடு கலந்துவிடுகிறார்கள். 1980களில் பிறந்த ஒருவருக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், அவருடைய மூன்று தலைமுறையும் பெரும்பாலும் புசல்லாவையிலோ கலஹாவிலோ தெல்தோட்டையிலோதான் மண்ணுக்குள் இருக்கும். சடங்கு கேட்கும் முன்னோர் கண்டியிலேயே இருக்க, பதிவேடுகளில் எட்டாத ஓர் இந்தியக் கிராமத்தைத் தேடித் தீர்ந்த பிறகே கூடுவது என்று காத்திருக்கத் தேவையில்லை. தர்ப்பணத்தின் முடிவில் தாய், தந்தை, உறவு என்று எவருமில்லாதவர்களுக்கும் நீர் விடப்படுகிறது. வழியில் மாண்ட பெயரற்றோரை நினைக்க வேறு சடங்கைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

குலதெய்வம் சற்றுச் சிக்கலான விஷயம். ஊர்க்கோயிலின் பிடிமண்ணைக் கொண்டுவந்து தோட்டத்தில் சாமி வைத்தவர்கள் உண்டு. அந்த நினைவு மதிக்கத்தக்கதே. ஆனால் குலதெய்வத்தைத் தேடும் பாதை சாதிக்குள் போய் முடிவதும் உண்டு. லயத்துக் கலப்பு மணங்களில் பிறந்தவர்கள் அங்கே வெளியே நிற்க நேரும். தோட்டத்து மாரியம்மன் அப்படி யாரையும் நிறுத்துவதில்லை. ஆலை இயந்திரத்தைக் காக்கும் ரோதமுனியும் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் முன் கும்பிடப்படும் கவ்வாத்துச்சாமியும் உழைப்பிலிருந்தே பிறந்த தெய்வங்கள். குடும்பம் முழுவதும் கூடும் இடமாகத் தோட்டக் கோயிலே சிறந்தது. கத்தோலிக்கரான உறவினர் நவம்பர் 2ஆம் நாளைச் சகல ஆன்மாக்களின் நினைவு நாளாகக் கொள்கிறார்கள். சிங்கள மருமக்கள் தானம் கொடுத்து இறந்தோருக்குப் புண்ணியம் சேர்ப்பார்கள். இந்துக்களோடு சேர்த்து இந்த மூவருக்கும் பொதுவான செயல் இறந்தவர்களின் பெயரை வாய்விட்டு வாசிப்பதுதான்.

ஆகவே ஏற்பாட்டின் முதல் வேலை பெயர்ப்பட்டியல். பிறப்புச் சான்றிதழ்கள், பழைய கடவுச்சீட்டுகள், தாயகம் திரும்பியோருக்குக் கொடுக்கப்பட்ட குடும்ப அட்டைகள், கிழவிகளின் ஞாபகம் ஆகியவை இதற்கு உதவும். கடைசியாகச் சொன்னதே பெரும்பாலும் முதலில் அழிவது. கொழுந்து பறித்த பெண்களின் பெயர் 'இன்னாரின் மனைவி' என்று சுருங்கிவிடுவதால், அதைத் தனியே கேட்டு எழுத வேண்டும். காலம் என்று பார்த்தால், முன்னோருக்கு நீர் விடும் ஆடி அமாவாசை ஆண்டுதோறும் ஜூலையிலோ ஆகஸ்டிலோ வருகிறது. தோட்டத்தின் திருவிழா நாளுக்கு வைத்தால் வெளியூர்ப் பிள்ளைகள் எப்படியும் வந்திருப்பார்கள். நீலகிரிக் கிளையினர் 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலைப் பயன்படுத்தலாம். அடக்கம் செய்த இடம் தோட்ட நிலத்துக்குள் இருந்தால் நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி பெறுவது நல்லது.

அழைப்பிதழில் இந்திய ஊரின் பெயர் இல்லாமல் போகலாம். தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயரும் விடுபடக் கூடாது.