சாமிக்கும் ஒரு சாமி வேண்டும்



ஜூலை 26-இல் திருவிழாக் கொடி ஏறியது. நாளை ஆகஸ்ட் 5, பனிமய மாதா பெருவிழா. இன்றோ பங்குத்தந்தையரின் பாதுகாவலர் புனித ஜான் மரிய வியான்னியின் நினைவுநாள். ஆக, தூத்துக்குடியில் தாயின் திருநாளுக்கு முந்தின நாள் குருக்களின் நாளாக அமைந்துவிட்டது.

வரும் வழியில் ஒரு சிறுவன் கேட்டான்: "ஒரு பூசைக்கு இத்தனை சாமிமார் எதுக்கு?" நல்ல கேள்வி. பூசை வைக்க ஒருவர் போதும். அந்த ஒருவருக்குத்தான் மற்றவர்கள் வேண்டும்.

என் முதல் பங்கு ஒரு சிறிய கடற்கரைக் கிராமம். திருவிழாவுக்கு முந்தின மாலை. பாவசங்கீர்த்தனம் கேட்க, பக்கத்துப் பங்கிலிருந்து வயதான சாமியார் ஒருவர் டிவிஎஸ் 50-இல் வந்து இறங்கினார். அவர் முன்னால் நின்ற வரிசை கோயில் வாசலைத் தாண்டி வேப்பமரம் வரை போனது. என்னிடம் வந்தது மூன்று பாட்டிமார். எனக்கு முகம் வாடிவிட்டது. தினமும் முகம் பார்க்கிற சாமியிடம் சொல்ல மக்களுக்குக் கூச்சம் இருக்கும் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

இரவு கூட்டம் கலைந்தது. கோயில்பிள்ளை விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்தார். பெரியவர் தம் தோளில் கிடந்த ஸ்டோலாவை எடுத்து முத்தமிட்டு, என் கழுத்தில் போட்டார். "ஃபாதர், இப்ப எனக்குக் கேளுங்க" என்று முழந்தாளிட்டார். நாற்பது ஆண்டுகளாக ஊராருக்கு மன்னிப்பு வழங்கிய கை, குவிந்தபடி என் முன்னால் இருந்தது. அவர் எழுந்ததும் நான் முழந்தாளிட்டேன். அந்த ஆண்டு எனக்குத் திருவிழா அந்த இருட்டில்தான் தொடங்கியது.

ஊருக்கே பாவமன்னிப்பு வழங்கும் குருவானவர் தனக்குத்தானே வழங்கிக்கொள்ள முடியாது. வியான்னியும் அப்படித்தான். 1818-இல் அவர் ஆர்ஸ் என்ற சிற்றூருக்கு வந்தபோது அங்கே ஏறக்குறைய 230 பேர்தான். பிறகு பிரான்சு நாடே அவரைத் தேடி வந்தது. நாளுக்குப் பதினாறு மணி நேரம் வரை பாவசங்கீர்த்தனம் கேட்டார். அந்தப் புனிதரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டவர் பக்கத்து ஊரான ஜாசானின் பங்குத்தந்தை. 1859-இல் வியான்னி மரணப்படுக்கையில் கிடந்தபோது வந்து நின்றவரும் அவரே.

குருப்பட்டத்தன்று ஆயர் எங்கள் தலைமேல் கை வைத்தார். அவருக்குப் பின் குருக்கள் ஒவ்வொருவராக வந்து, ஒரு சொல்லும் பேசாமல் கை வைத்தார்கள். நாளைய கூட்டுத்திருப்பலியில் அப்பத்தின்மீதும் இரசத்தின்மீதும் நீளும் கைகள் அந்தக் கைகளே. தன் தலையில் தானே கை வைத்துக் குருவானவர் எங்களில் ஒருவரும் இல்லை.

இறைமக்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நாளை பவனி முடிந்தபின், குருக்கள் ஒரே பந்தியில் அமர்ந்து சற்று நேரம் சிரித்துப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சாமி பக்கத்துப் பங்குத் திருவிழாவுக்குப் போனால், "எப்பப் பாத்தாலும் சாமி ஊர்ல இல்ல" என்று முணுமுணுக்காதீர்கள். அங்கே ஒரு சகோதரர் அவருக்காகக் காத்திருக்கலாம்.

மலைநாட்டுக்கு விரைந்து சென்று, எலிசபெத்தோடு மூன்று மாதம் தங்கிய நம் தாய் மரியா, எங்களையும் ஒருவர் வாசலுக்கு ஒருவரை அனுப்பி வைப்பாராக. ஆமென்.