சோழ மன்னன் படித்த பொய்க்கதை

அநபாய சோழன் கையும் புத்தகமுமாக மாட்டிக்கொண்டவன். இரண்டாம் குலோத்துங்கன்தான் அவன் என்பார்கள். 12ஆம் நூற்றாண்டு. அரசன் சீவக சிந்தாமணியில் சொக்கிக் கிடக்கிறான். அமைச்சர் சேக்கிழாருக்குப் பொறுக்கவில்லை. இது சமணர் கட்டிய பொய்க்கதை, இம்மைக்கும் உதவாது, மறுமைக்கும் உதவாது என்கிறார். அப்படியானால் மெய்க்கதை எது என்று அரசன் கேட்க, அதற்கு விடையாகப் பெரிய புராணம் பிறந்தது என்று உமாபதி சிவாசாரியார் எழுதிவைத்திருக்கிறார்.

எனக்கு அந்த அரசன்மேல் எப்போதும் ஒரு பரிவு. ஐம்பது தாண்டிய வயதில், திருவொற்றியூரிலிருந்து ராயபுரத்துக்கு மின்சார ரயிலில் மந்திரவாதிப் பையன்களின் கதையைப் படித்துக்கொண்டே வேலைக்குப் போகிறவள் நான். ஹாரி பாட்டரை மகள் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். "பேரன் பேத்தி எடுக்கிற வயசுல பசங்க படிக்கிற பொய்க்கதை எதுக்கும்மா? ரெண்டு பதிகம் படிச்சா போற காலத்துக்காவது ஆகும்" என்பார் என் கணவரின் அக்கா. அண்ணி சேக்கிழாரின் வழக்கையே தொடுத்திருக்கிறார். பொய், பயனில்லை: குற்றச்சாட்டு அதே இரண்டுதான்.

அரசன் படித்தது என்ன? சூழ்ச்சிக்கார அமைச்சன் கட்டியங்காரனால் சச்சந்தன் என்ற அரசன் கொல்லப்படுகிறான். நிறைமாத அரசி விசயை பறக்கும் மயிற்பொறியில் தப்பிச் சுடுகாட்டில் இறங்கிப் பிள்ளை பெறுகிறாள். அதை ஒரு வணிகன் வளர்க்கிறான். வளர்ந்த பையனிடம் ஆசிரியர் பிறப்பின் ரகசியத்தைச் சொல்கிறார். அவன் சாகக் கிடக்கும் ஒரு நாயின் காதில் மந்திரம் ஓத, நாய் தேவனாகப் பிறந்து திரும்பி வந்து மூன்று மந்திரங்களைக் கற்றுத்தருகிறது. அதில் ஒன்று நினைத்த உருவை எடுக்க. அப்பா அம்மாவை இழந்து மாயப் பள்ளிக்குப் போன இங்கிலாந்துப் பையன் பிறக்கச் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் இது 3,145 பாட்டுகளாக இருந்தது. படித்தவனும் சிறுவனல்ல, ராஜ்ஜியம் ஆண்டவன்.

சரி, பொய்க்கு வருவோம். அதிசயம் நடப்பதெல்லாம் பொய் என்றால் எங்கள் ஊர் தப்பாது. பெரிய புராணத்தில் வரும் கலிய நாயனார் திருவொற்றியூர்க்காரர், செக்கு ஆட்டியவர். கைப்பொருள் தீர்ந்து விளக்குக்கு எண்ணெய் இல்லாதபோது, தன் கழுத்தை அரிந்து ரத்தத்தை ஊற்றத் துணிந்தார். சிவன் வந்து கையைப் பிடித்தார். சுந்தரர் சங்கிலியாரிடம் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்ததும் இங்கேதான். சத்தியம் செய்யும் நேரத்துக்கு மட்டும் சன்னதியைவிட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள் என்று சிவனிடமே பேரம் பேசியிருந்தார். சிவனோ இதைச் சங்கிலியார் கனவில் சொல்லிக்கொடுத்துவிட்டார். மகிழடியிலேயே சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று. வாக்கை மீறி ஊரெல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குக் கண் போயிற்று. எந்த மாயக்கதை ஆசிரியரும் பொறாமைப்படும் இடம்.

நான் வேலை பார்ப்பது கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில். கன்டெய்னர் எண், சீல் எண், எடை, பில் ஆஃப் என்ட்ரி என்று நாள் முழுக்க மெய்யைச் சரிபார்ப்பதுதான் பிழைப்பு. பெட்டி ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்து, ஏழு எண். அந்த ஏழில் கடைசி எண், முன்னால் உள்ளவை சரிதானா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதற்காகவே இருக்கிறது. ஆனாலும் காகிதத்தில் ஒரு சரக்கு, பெட்டிக்குள் வேறு சரக்கு என்று வருவதுண்டு. அதைத்தான் நான் பொய் என்பேன். நம்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு வருவது அது. பறக்கும் மயிலில் ஏறச் சொல்கிற கதை யாரையும் ஏமாற்றவில்லை, ஏறுகிறவளுக்கும் தெரியும்.

பயன் என்ற இரண்டாவது குற்றச்சாட்டுதான் கடினம். தியாகராஜர் கோயிலுக்கு நானும் போகிறேன். போகும்போதெல்லாம் மனதில் ஒரு பட்டியல் இருக்கும்: மகளுக்கு வேலை, வீட்டுக் கடன், கணவரின் சர்க்கரை. வடிவுடையம்மன் முன்னால் எதையும் கேட்காமல் நின்றதாக எனக்கு நினைவில்லை. ஆனால் நாவலைத் திறக்கும்போது கேட்பதற்கு ஒன்றுமில்லை, பதிலுக்குத் தரவும் ஒன்றுமில்லை. தண்டையார்பேட்டையில் ரயில் நின்றாலும் எண்ணூர் பக்கமிருந்து சாம்பல் காற்று அடித்தாலும் எனக்கு உறைப்பதில்லை. பலனை எண்ணாமல் செய் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் பலனை எண்ணாமல் நான் செய்கிற காரியம் இது ஒன்றுதான்.

கடற்கரைப் பக்கம் அடங்கியிருக்கும் பட்டினத்தார் இதைக் கேட்டால் சிரிப்பார். இன்பமே கண்ணி, இதில் நல்ல இன்பம் கெட்ட இன்பம் என்ன என்பார். அவருக்குப் பதில் சொல்ல எனக்குத் திராணியில்லை. திருத்தக்கதேவரைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். அவர் துறவி. துறவியால் இன்பத்தைப் பாட முடியுமா என்ற சவாலுக்காகவே சிந்தாமணியைப் பாடினார் என்று கதை. சீவகனுக்கு எட்டுக் கல்யாணம் செய்துவைத்து, ஆட்சியில் அமர்த்தி, கடைசியில் துறவுக்கு அனுப்பினார். இன்பத்தைத் தாண்டிப் போகவும் அதன் வழியாகத்தான் போக வேண்டும் என்று அவர் நினைத்திருக்கலாம்.

சேக்கிழார் ஒதுக்கச் சொன்ன அந்தப் புத்தகத்தை 1887இல் அச்சில் ஏற்றியவர் உ.வே. சாமிநாதையர். அவர் சைவர், கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்ப் பொருள் கேட்டுக் கேட்டுப் பதிப்பித்தார். அண்ணியிடம் இதைச் சொல்லி வாதத்தை முடித்துவிட்டதாக நினைத்தேன்.

"அவரு புஸ்தகம் போட்டாரு. நீ என்னத்தப் போட்ட?" என்றார்.