ஏறிப் போக முடியாத ரயில்

விளையாட்டு என்ற சொல்லை நாம் இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறோம். கடவுளைப் பற்றிப் பேசும்போது அது உயர்ந்த சொல். படைப்பதும் காப்பதும் அழிப்பதும் அவனுக்கு விளையாட்டு என்று சொல்லிக் கை கூப்புகிறோம். அறுபது வயது மனிதர் ஒருவரைப் பற்றி, "அவருக்கு இன்னும் விளையாட்டுப் புத்தி போகவில்லை" என்று சொன்னாலோ, அது வசவு. ஒரே காரியம் ஆண்டவனுக்குப் பெருமையாகவும் மனிதனுக்குச் சிறுமையாகவும் ஏன் ஆக வேண்டும்? வளர்ந்த மனிதன் தனக்கென்று ஒரு சிறிய உலகத்தைச் செய்து, அதைத் தானே ஓட்டி, தானே பார்த்து மகிழ்வது சரியா, தவறா? சில நாட்களாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

காரணம், தேவதானத்தில் இருக்கும் ஒரு நண்பர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட மூத்தவர், அண்ணாச்சி என்றுதான் அழைப்பேன். ராஜபாளையத்திலிருந்து சேத்தூர் வழியாகத் தென்காசி போகிற சாலையில், மேற்கு மலையடிவாரத்தில் இருக்கிறது ஊர். தேவனுக்குத் தானமாக விட்ட நிலம் என்பது பெயரின் பொருள். நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில் உண்டு, வயல் உண்டு, தோப்பு உண்டு. ரயில் மட்டும் இல்லை. 1927இல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு மீட்டர் கேஜ் பாதை போட்டபோது, அது ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் தொட்டுவிட்டுக் கிழக்கே சாய்ந்து, கரிவலம்வந்தநல்லூர், சங்கரன்கோவில் என்று போய்விட்டது. தேவதானத்துப் பையன்களுக்கு ரயில் என்பது வேறு ஊருக்குப் போய்ப் பார்க்கிற பொருளாகவே இருந்து வந்தது.

அந்த ரயிலை அண்ணாச்சி தம் வீட்டு மச்சுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

கடையில் வாங்கி வட்டமாக ஓட விடும் பொம்மை ரயிலை நினைத்துக்கொள்ள வேண்டாம். உலகமெங்கும் இதற்கென்று அளவுகள் இருக்கின்றன. அதிகமாக வழங்குவது 87இல் ஒரு பங்கு என்ற அளவு. ஒரு மீட்டர் அகலமுள்ள பாதை இந்தக் கணக்கில் பதினொன்றரை மில்லிமீட்டராகச் சுருங்கும். 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தை வைத்துக்கொள்கிறார்கள். தண்டவாளமும் எஞ்சினின் அடிப்பாகமும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. மேலே இருக்கும் உடம்பெல்லாம் அண்ணாச்சி தகரத்திலும் அட்டையிலும் அறுத்து, அரம் போட்டுச் செய்தவை. மலை பழைய செய்தித்தாளும் பசையும். புதர் தேங்காய் நார். 2004 வாக்கில் அகலப்பாதையாக மாறி மறைந்துபோன அந்த மீட்டர் கேஜ் ராஜபாளையம் ஸ்டேஷன், அங்கே ஒரு பலகையின்மேல் இன்னும் இருக்கிறது.

இதில் ஒரு விசித்திரம். குழந்தையின் ரயில் வேகமாக ஓட வேண்டும். இவருடைய ரயில் மெதுவாக ஓட வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தை 87ஆல் வகுத்தால் நொடிக்கு 19 சென்டிமீட்டர்தான் வரும். அதற்குமேல் ஓட்டினால் அது பொம்மை. வண்டிக்குப் பளபளப்பான வர்ணம் பூசிய பிறகு, அதன்மேல் துருவும் கரியும் பூசி அழுக்காக்க வேண்டும். புதிதாகவே வைத்திருந்தால் அதுவும் பொம்மை. கால அட்டவணை உண்டு. எதிர் வண்டி வந்து சேராமல் இந்த வண்டி புறப்படக் கூடாது. ஒற்றைப் பாதையில் வளையத்தோடு கட்டிய தோல்பையில் டோக்கனை வைத்து டிரைவரிடம் கொடுப்பார்களே, நினைவிருக்கிறதா? அந்த டோக்கன் கையில் இல்லாமல் வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குப் போக முடியாது. அண்ணாச்சியின் மச்சிலும் அதே சட்டம். தனியாகவே இருந்தாலும், ஒரு பித்தளை வில்லையை ஆணியிலிருந்து எடுத்து இன்னோர் ஆணியில் மாட்டிய பிறகுதான் கைகாட்டியை இறக்குகிறார்.

"மீறினால் என்ன ஆகும், அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாது. அதனாலேதான் மீறுகிறதில்லே" என்றார்.

இந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. பயத்தினால் சட்டத்துக்கு அடங்குகிறவர்கள் நாம். போலீஸ்காரர் இல்லாத தெருமுனையில் நம்முடைய தர்மம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பது நமக்கே தெரியும். தண்டனை இல்லாத இடத்தில், பார்ப்பவர் இல்லாத இடத்தில், ஒரு மனிதன் ஒழுங்கைத் தானாக ஏற்றுக்கொள்கிறான் என்றால் அது சின்ன விஷயமல்ல.

ஆனால் உடனேயே இதற்கு எதிர்வாதமும் தோன்றியது. நிஜ ரயில்பாதையில் ஒழுங்கு ஏன் புனிதமாகிறது? உயிர் இருப்பதால். 1956 நவம்பர் 23ஆம் தேதி அரியலூர் அருகே வெள்ளம் பாதையை அரித்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் மருதையாற்றில் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கோ டில்லியில் இருந்த ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி அதற்குத் தாம் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். மச்சில் வண்டி கவிழ்ந்தால் அண்ணாச்சி இரண்டு விரலால் தூக்கி நிறுத்துகிறார். பிளாட்பாரத்தில் பசை போட்டு ஒட்டியிருக்கும் பிரயாணிகள் அதே சிரிப்போடு நிற்கிறார்கள். விபத்து இல்லாத உலகத்தில் பொறுப்பு ஏது? பொறுப்பு இல்லாத ஒழுங்குக்கு ஒழுக்கம் என்று பெயர் வைக்கலாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஏறக்குறைய 11 கிலோமீட்டர் தூரம். 87இல் ஒரு பங்கு ஆக்கினாலும் 126 மீட்டர் நீளம் வேண்டும். எந்த வீட்டு மச்சும் இடம் கொடாது. ஆகவே எதையாவது விட்டாக வேண்டும். அண்ணாச்சி கோபுரத்தை வைத்திருக்கிறார்; பஞ்சாலைப் புகைபோக்கியை வைத்திருக்கிறார். ஷிப்ட் முடிந்து வருகிற கூட்டம் இல்லை. பிச்சைக்காரன் இல்லை. யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. எதை விடுவது என்று தீர்மானிக்கிறவன் கலைஞன்தான். நாவல் எழுதும் நானும் அதைத்தான் செய்கிறேன். இடம் போதாதபோது முதலில் விட்டுப்போவது நமக்கு வேண்டாதவர்கள்தான் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

மச்சின் மேற்குச் சுவரில் தொடர்ச்சி மலையைத் துணியில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். நீலமும் சாம்பலும் கலந்து நன்றாகவே இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு ஜன்னல். திறந்தால் நிஜமான மலை தெரியும். தூசி வந்து தண்டவாளத்தில் படிந்தால் மின்சாரம் தடைப்பட்டு வண்டி நின்றுவிடும் என்பதால் அதை எப்போதும் சாத்தியே வைத்திருக்கிறார்.

கீழே இறங்கி வந்தபோது மதினி காப்பி கொடுத்தார். "தம்பி, அந்த ரயில்லே எனக்கு ஒரு டிக்கெட்டு கிடைக்குமான்னு உங்க அண்ணாச்சிகிட்டே கேட்டுச் சொல்லுங்க" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் முப்பத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர் அதை மூன்றாம் மனிதனிடம் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்டவர்களின் சரித்திரத்தைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் பீட்டர் டென்னி என்ற பாதிரியார் பக்கிங்ஹாம் ஊருக்குப் போகும் கிளைப்பாதை ஒன்றை வெகு காலம் செய்து ஓட்டினார். ஒரு ஸ்டேஷனின் பொறுப்பை அவர் மகன் கிறிஸ்பின் பார்த்துக்கொண்டான். மகன் வளர்ந்தான்; எப்போதும் பக்கத்தில் இருக்க முடியவில்லை. அப்பா ஒரு யந்திரம் செய்தார். எதிர் ஸ்டேஷனிலிருந்து வரும் மணிக்கு மகன் பதில் கொடுத்ததுபோல அது பதில் கொடுத்தது. அதற்கு அவர் வைத்த பெயர் 'தானியங்கிக் கிறிஸ்பின்'. படிக்கும்போது சிரிப்பு வந்தது. படித்து முடித்ததும் சிரிக்க முடியவில்லை. மகன் போன வெறுமையை மணிச் சத்தத்தால் நிரப்பிய தகப்பனின் அன்பா அது? மகன் செய்ததை யந்திரமும் செய்யும் என்ற எண்ணமா? இரண்டும் ஒரே மனதில் இருக்க முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

அமெரிக்காவில் மான்டரே நகரத்தில் ஜான் ஆலன் என்பவர் வீட்டின் அடித்தளத்தில் மலையும் பள்ளத்தாக்குமாக ஒரு ரயில் உலகத்தை இருபது ஆண்டுகள்போல உருவாக்கினார். புது வண்டியை அழுக்காக்கும் கலையில் அவரைக் குருவாகக் கொண்டவர்கள் பலர். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். அடுத்த சில நாட்களில் வீட்டில் தீப்பிடித்து, அந்த உலகத்தில் பெரும்பகுதி எரிந்துபோனது. இன்று எஞ்சியிருப்பது புகைப்படங்களும், அங்கே வாரந்தோறும் கூடி வண்டி ஓட்டிய நண்பர்களின் நினைவும்தான்.

நம் நாட்டிலும் ஒருவர் இருந்தார். புனாவில் பாவுசாகிப் ஜோஷி. அவர் சேர்த்தவை 1998இல் சிறிய ரயில்களின் காட்சிசாலையாகத் திறக்கப்பட்டன. ஊர்க் குழந்தைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். தேவனுக்கு விட்ட நிலத்தைப்போல, தனக்கென்று செய்ததை அந்த மனிதர் பிறருக்கு விட்டுவிட்டார்.

இவையெல்லாம் மேல்நாட்டுப் பைத்தியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். பெரும்பாணாற்றுப்படையிலேயே தச்சன் செய்த சிறுதேர் வருகிறது. யாரும் ஏறிப் போக உதவாத தேர். குழந்தை தள்ளி மகிழ்வதற்கான தேர். அதற்கும் 'நல்ல' என்ற அடைமொழியைக் கொடுக்கிறார் புலவர். பயன்படாததால் அது பொய்த் தேர் என்று அவருக்குத் தோன்றவில்லை. அண்ணாச்சியின் ரயிலும் ஏறிப் போக முடியாத நல்ல ரயில்தான். அதைச் செய்வது வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாள், நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகத்தில் இன்னும் ஆழமாகப் போகிறாள். பெண் குழந்தைகள் முதுகு நோக உட்கார்ந்து மணலில் சிற்றில் கட்டுகிறார்கள். கண்ணன் சிதைக்க வருகிறான். சிதைக்காதே என்று மன்றாடுகிறார்கள். சிறிய வீட்டைக் கட்டிய உழைப்பு உண்மை; அது போய்விடுமே என்ற வருத்தமும் உண்மை. அதே சமயம், சிதைக்க வருகிறவன் யாரென்று பாருங்கள். அந்தப் பெண்கள் எவனை நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ, அவனேதான் வருகிறான்! அவன் வராமலே இருந்திருந்தால் சிற்றில் முழுதாக நின்றிருக்கும். அவர்கள் அதை விரும்பியிருப்பார்களா?

என் கேள்விக்கு இங்கேதான் விடை கிடைப்பதாக எனக்குத் தோன்றுகிறது. சிறிய உலகத்தைச் செய்வது தவறல்ல. அதில் இல்லாத சட்டத்துக்குக்கூட அடங்கி நடப்பது மனதுக்கு நல்ல பயிற்சி. ஆனால் பயிற்சி என்றால், அது வேறொன்றுக்காக இருக்க வேண்டும். ஒரு வண்டிக்காக இன்னொரு வண்டியை நிறுத்தி வைக்கும் பொறுமை மச்சிலே பழகிவிட்டால், அது ஏணி வழியாகக் கீழேயும் இறங்கி வர வேண்டும். கீழே இருப்பவர்கள் பசை போட்டு ஒட்டியவர்கள் அல்ல. எதிர்த்துப் பேசுவார்கள், நேரத்துக்கு வரமாட்டார்கள், கவிழ்ந்தால் இரண்டு விரலால் நிறுத்த முடியாது. அவர்களில் யாராவது மேலே ஏறி வந்து, கை பட்டு ஒரு புதர் சாய்ந்தால், 'ஐயோ என் புதர்' என்று முதலில் தோன்றுகிறதா, 'நீ வந்தாயே' என்று தோன்றுகிறதா? இதுதான் பரீட்சை. கடவுளின் விளையாட்டை நாம் கை கூப்பி ஏற்பதும் இதனால்தான். அவனுடைய உலகத்தில் ஜன்னல்கள் சாத்தப்படவில்லை, உள்ளே இருப்பவர்கள் முறையிடலாம், சண்டை பிடிக்கலாம்.

எழுதுகிறவனுக்கும் இதே பரீட்சை உண்டு. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மனிதர்களைப் பற்றி எழுதுகிறேன். அப்போது கதவைத் தட்டும் மனிதனிடம் எரிந்து விழுகிறேனா இல்லையா என்பதை என் வீட்டாரைத்தான் கேட்க வேண்டும்.

மதினியின் செய்தியை அண்ணாச்சியிடம் அன்றே சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு வெகு நேரம் பேசாமல் இருந்தார். ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷன்கள் உண்டு. இரண்டையும் இதுவரை அவர் ஒருவரேதான் ஓடி ஓடிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். டோக்கனை வாங்குவதற்கு மறுமுனையில் ஒருவர் வேண்டும் என்பது கணக்கு வாத்தியாருக்குத் தெரியாத விஷயமல்ல.