யாருடைய நேரம்?

காலையில் விரிவுரை; அது முடிந்ததும் பீடக் கூட்டம்; நண்பகலில் மதிப்பீட்டுப் படிவங்கள்; மாலையில் ஆய்வேட்டுத் திருத்தம்; இரவில் விடைத்தாட் கட்டு. நமது பல்கலைக்கழக ஆசிரியரின் வேலை நாள் பெரும்பாலும் இவ்வாறே கழிகின்றது. ஐயம் கேட்க வாசலிலே வந்து நிற்கும் மாணவனுக்கு அவர் கூறும் விடை 'நேரமில்லை' என்பதே. அது பொய்யன்று. ஆயினும், மெய்யான விடையெல்லாம் நியாயமான விடையாகிவிடுமா?

முதலில், அந்த நேரம் யாருடையது என்று பார்ப்போம். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது உயர்கல்வி பெரும்பாலும் வசதி படைத்தோரின் உடைமையாகவே இருந்தது. 1945இல், கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபின்னரே ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் அதன் கதவு திறக்கலாயிற்று. இலவசம் என்பதனால் அதற்கு ஒருவரும் விலை கொடுக்கவில்லை என்று கொள்ளலாகாது. கொழுந்து பறிக்கும் பெண்ணும், கடலிலே வலை வீசுபவனும் கடையிற் பொருள் வாங்குகையிற் செலுத்தும் மறைமுக வரியும் அவ்விலையிற் சேர்ந்திருக்கின்றது. அவர்களுட் பெரும்பாலோர் தம் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்திற் காணும் பேறு பெறாதவர்கள். ஆகவே, அவர்கள் பணங்கொடுத்து வாங்கிய நேரம் ஆசிரியரின் தனிச்சொத்தாக இருத்தல் இயலாது.

ஆராய்ச்சியும் கடமையன்றோ என்று சிலர் வினவலாம். கடமையே, ஆராயாதவர் பழைய குறிப்புகளையே ஆண்டுதோறும் ஒப்புவிப்பார். ஆனால், கடமைகள் ஒன்றோடொன்று மோதும்போது எதனைப் பின்போடுவது? தாமதத்தின் சுமை யார் தோளில் விழுகின்றது என்பதே இங்கு உரைகல் என்பது நமது துணிபு. பதவியுயர்வுக்கான கட்டுரை ஒரு மாதம் பிந்தினால் இழப்பு ஆசிரியருக்கு; விடைத்தாள் ஒரு மாதம் பிந்தினால், பெறுபேறின்றி வேலைக்கு விண்ணப்பிக்க இயலாத நூறு குடும்பங்களுக்கு. வலியவர் தமது சுமையை எளியவர் மீது இறக்கிவைத்தலைச் சுரண்டல் என்று பிற இடங்களிற் கண்டிக்கும் நாம், வகுப்பறையில் அதற்கு வேறு பெயர் சூட்டுதல் தகாது.

எனினும், குற்றத்தைத் தனிமனிதர் மீது மட்டும் சுமத்துவதும் பிழையாகும். எண்ணக்கூடியதையே அளக்கும் நிர்வாகம், வெளியிட்ட கட்டுரைகளை எண்ணுகின்றது. மாணவனோடு செலவிட்ட மணிகளை எண்ணுவதில்லை. வெற்றிடங்கள் நிரப்பப்படாதபோது இருவர் வேலை ஒருவர் மீது விழுகின்றது. 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு கோரி மூன்று மாதங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளத்தோடு நில்லாது, பொதுக் கல்வியின் எதிர்காலத்தையும் தமது கோரிக்கையாக்கியமையே அப்போராட்டத்தின் சிறப்பு.

அத்தகைய போராட்டம் மக்களின் ஆதரவைப் பெறவேண்டுமாயின், அவர்களின் பிள்ளைகளை வாசலிற் காக்கவைத்தல் ஆகாது. கூட்டத்தைச் சுருக்கலாம், பயனற்ற படிவங்களை ஒன்றுகூடி எதிர்க்கலாம். மாணவனின் ஐயம் மட்டும் நாளைக்கென்று தள்ளத்தக்கதன்று.