அவர் ஏறாத மீதி மலை

துண்டால் அவர் தட்டிவிட்ட இடத்தில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். அந்த அகலம்தான் இத்தனை வருஷமாக என்னைப் படுத்துகிறது.

செமஸ்டர் லீவு. விடுதியில் மெஸ்ஸை மூடிவிட்டார்கள். ஊருக்குப் போகாத சிலர் மட்டும் அறைகளில் ஒட்டிக்கொண்டிருந்தோம். விடிந்தும் விடியாததுமாக ஒரு பாட்டில் தண்ணீரும் தேங்காய் பன்னுமாகக் கிளம்பி, நாகமலைப் புதுக்கோட்டை வழியே கீழக்குயில்குடிக்கு நடந்துவிடுவேன். தாமரைக் குளம், ஆலமரங்கள், அய்யனார் கோயில், அதற்குப் பின்னால் சமணர் மலை. வெயிலுக்கு முன்னால் ஏறிவிட வேண்டும். பாறை காய்ந்துவிட்டால் கை வைக்க முடியாது.

அந்தப் பெரியவர் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். பாறையில் வெட்டிய படிகளில் கொஞ்ச தூரம் போனதும் நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துப் படியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தட்டினார். துண்டை நாலாக மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறுங்கல்லில், மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

“மேலயா தம்பி?”

“ஆமாய்யா. நீங்க வரலையா?”

“நான் மேல போனதே இல்லப்பா. இதுவரைக்கும் வருவேன், உக்காருவேன், எறங்கிருவேன்.”

பிறந்ததே அந்த ஊரில்தானாம். ஏன் போகவில்லை என்று கேட்டேன். “தோணல” என்றார். நான் மேலே போய்விட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

மேலே பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் பாறையில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள். அடியில் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுக்கு முந்தைய வட்டெழுத்து. ஒரு சிற்பத்தை அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்தார் என்கிறது ஒரு கல்வெட்டு. குரண்டி என்ற ஊரின் சமணப் பள்ளியைச் சேர்ந்த மாணாக்கர்களின் பெயர்களும் இந்த மலையில் இருக்கின்றன. நமக்கு முன்பே மாணவர்கள் வந்த மலைதான் என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை.

ஆனால் அவர்கள் எதற்கு வந்தார்கள்? எப்போதோ எதிலோ படித்தது அரைகுறையாக நினைவிருக்கிறது. சமணத் துறவிகள் ஓரிடத்தில் தங்குவதில்லை, நடந்துகொண்டே இருக்க வேண்டும். மழைக்காலம் நாலு மாதம் மட்டும் நடையை நிறுத்திவிடுவார்கள். ஈர மண்ணில் பெருகும் சின்ன உயிர்களை மிதித்துவிடக் கூடாது என்பதற்காக. நடையே வாழ்க்கையானவர்களுக்கு உட்காருவதுதான் விடுமுறை. வருஷம் பூராவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு நடப்பது விடுமுறை. பெரியவருக்கு இரண்டில் எது என்று யோசித்தால், வரப்பிலும் வயலிலும் தேய்ந்த அந்தக் காலைப் பார்த்தாலே தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் அப்பத்தாவும் அந்தப் பெரியவர் மாதிரி மலை ஏறாதவள்தான். சித்திரைக்குச் சித்திரை வைகைக்கரையில் கூட்டத்தில் இடிபட்டு அழகரைப் பார்த்துவிடுவாள். சின்ன வயதில் நான் அழகர்மலைக்குக் கூட்டிப்போகச் சொல்லி, நூபுர கங்கைவரை ஏற வேண்டுமென்று அடம்பிடிப்பேன். “சாமியே எறங்கி வருது, நாம எதுக்கு ஏறணும்?” என்பாள். அது பக்தியா, முட்டிவலியா என்பதை அவள் கடைசிவரை பிரித்துச் சொல்லவில்லை.

போதும் என்கிற மனசைப் புகழ்ந்து பேசுவது எனக்குப் பிடிக்காது. வயிறு நிறைந்தவர்கள்தான் அதை அதிகம் புகழ்கிறார்கள். பெரியவரை ஞானியாக்கிவிட்டால் எனக்கும் வேலை முடிந்தது. ஆனால் ‘தோணல’ என்ற சொல்லில் ஞானம் எதுவும் தெரியவில்லையே. பக்கத்துத் தெருவுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டால் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

மலையை அறிவதற்கு ஏறத்தான் வேண்டும் என்ற என் எண்ணத்திலும் பிறகு ஓட்டை விழுந்தது. 2010-இல் யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் திரண்டு எதிர்த்தார்கள், திட்டம் நின்றது. அவர்களில் எத்தனை பேர் அந்த யானையின் முதுகுவரை ஏறியிருப்பார்கள்? பால் கறக்கப் போகும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அது கண்ணெதிரே இருந்தது. இல்லாமல் போனால் தாங்காது என்பதற்கு அந்தப் பழக்கம் போதுமானதாக இருந்திருக்கிறது. என்னைப் போல லீவுக்கு ஏறி இறங்கிய பையன்கள் அன்றைக்கு எங்கே இருந்தோம் என்பது வேறு கதை.

மறுபடி அந்தத் துண்டுக்குத்தான் வருகிறேன். பஸ்ஸில் சீட்டுக்குப் போடுவது மாதிரி அதை ஏன் பக்கத்தில் வைத்தார்? எனக்காகத் தட்டியிருந்தால் “உக்காருப்பா” என்று சொல்லியிருப்பார். முன்பு கூடவே ஏறி வந்த யாரோ ஒருவருக்காகப் பழகிப்போன கையா? அல்லது சுத்தம் பார்க்கிறவர், படி என்றால் முழுப் படியையும் தட்டுகிறவர், அதற்குமேல் ஒன்றுமே இல்லையா? எந்த விடையை வைத்துப் பார்த்தாலும் கொஞ்ச நேரம் பொருந்துகிறது, பிறகு நழுவிவிடுகிறது. இறங்கி வந்தபோது அவர் அங்கே இல்லை.

வேலைக்கு வந்த பிறகும் லீவு கிடைத்தால் மலையைத்தான் தேடிப் போகிறேன். இந்தத் தடவை பாதியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கிளம்பி, ஒவ்வொரு தடவையும் உச்சிக்குப் போய்விடுகிறேன். அது ஆசையா, வெறும் பழக்கமா, பாதியில் உட்கார்ந்தால் என்னென்ன தோன்றுமோ என்ற பயமா? மூன்றும் கலந்தே இருக்கலாம். என்னால் பிரிக்க முடியவில்லை.