எந்தச் சபை வீடு?

சீடன்: ஐயா, எங்கள் வீட்டுப் பழைய வேதாகமத்தின் முன்தாளில் தாத்தா எழுதிவைத்த வம்சக் கணக்கைப் பார்த்தேன். பூட்டனாருக்குப் பூட்டனார் சி.எம்.எஸ். சபை; பிறகு இரேனியஸ் ஐயர் பக்கம்; மறுபடி சி.எம்.எஸ்.; தாத்தா காலத்தில் சி.எஸ்.ஐ. இப்போது அம்மா பெந்தெகொஸ்தே. இப்படி மாறுகிற வீட்டுக்கு விசுவாசம் என்று ஒன்று உண்டா?

குரு: நீ பனையேறி வீட்டுப் பிள்ளை. பாளையில் கட்டிய கலயம் உடைந்தால் வேறு கலயம் கட்டுவதில்லையா? மரம் அதேதானே, தம்பி.

சீடன்: கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் கள்ளாகிவிடுமே.

குரு: கலயத்தை எந்தக் குயவர் வனைந்தார் என்பது வேறு, உள்ளே சுண்ணாம்பு உண்டா என்பது வேறு. இரேனியஸ் ஐயர் ஜெர்மானியர். லுத்தரன் முறையில் குருப்பட்டம் பெற்றவர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். சம்பளம் கொடுத்ததோ சி.எம்.எஸ். என்ற ஆங்கிலேயச் சங்கம். உபதேசியார்களுக்குப் பேராயர் கையால்தான் பட்டம் என்றது சங்கம், அவர் இசையவில்லை. 1835இல் விலக்கிவிட்டார்கள். உபதேசியார் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஊரும் சாய்ந்தது. 1838இல் அவர் இறந்தார், போனவர்கள் திரும்பினார்கள். உன் முன்னோரை யார் கேட்டார்கள்? 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் சி.எஸ்.ஐ. என்று ஒன்றாயின. மறு ஞாயிறு உன் தாத்தா அதே கோயிலில் அதே பாயில்தான் உட்கார்ந்திருப்பார்.





சீடன்: அம்மா விஷயம்தான் மனதை அறுக்கிறது. கம்மலைக் கழற்றி அஞ்சறைப் பெட்டியில் சீரகத்துக்கு அடியில் போட்டுவிட்டு, தாமிரபரணியில் போய் முழுகினாள். குழந்தையில் தெளித்தது ஞானஸ்நானமே இல்லையாம். அப்படியானால் தாத்தா கட்டிய கலயத்தில் சுண்ணாம்பே கிடையாதா?

குரு: இருந்தது. ஞானஸ்நானம் ஒன்றே என்று எபேசியருக்குப் பவுல் எழுதியிருக்க, இரண்டாவது முழுக்கு தப்பு என்பதே என் கட்சி. குழந்தை வாய் திறந்து சொல்லவில்லையே என்பார்கள். அதற்குத்தானே திடப்படுத்தல் வைத்தோம்? ஆனால் அதை எப்படி நடத்தினோம்! பேராயர் வருகிறார் என்று பந்தல் போட்டோம், வினா விடையை உருப்போடவைத்தோம், பிள்ளைகள் புதுத் துணியின் கஞ்சி மொடமொடப்பில் நெளிந்துகொண்டே ஒப்பித்தார்கள். எதற்கு ‘ஆம்’ என்கிறோம் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. சுண்ணாம்பு தடவினோம், கலயத்தைக் கவிழ்த்துக் காட்டவில்லை. உன் அம்மா நாற்பது வயதில் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்திருக்கிறாள். அதற்கு முந்தைய மாற்றமெல்லாம் சங்கமும் பேராயரும் உபதேசியாரும் செய்தது. உன் வம்சக் கணக்கில் தானாக யோசித்து மாறிய முதல் ஆள் அவள்தான். அவளை மட்டும் ஓடிப்போனவள் என்றால் நியாயமா?

சீடன்: அப்படியானால் அவள் இப்போது எந்தச் சபை?

குரு: கல்லறைத் தோட்டத்தில் உன் தாத்தா பக்கத்தில் இடம் வேண்டுமாம். மார்ச் வரைக்கும் நம் சபைக்குச் சங்கக் காணிக்கை கட்டியிருக்கிறாள். ரசீது எழுதியது நான்தான்.